எழில் நிரல்மொழி: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அதன் எதிர்காலம்

எழில் என்பது, தமிழ்ச் சொற்களையே கட்டளைச் சொற்களாகக் கொண்டு நிரல் எழுதும்பொருட்டு முத்தையா அண்ணாமலை அவர்களால் 2007-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2013-இல் பொது உபயோகத்துக்கு வெளியிடப்பெற்ற, பைத்தான் மொழியின்மீது கட்டப்பட்ட கட்டற்ற மென்பொருளாகும். பயன்பாட்டின் பரப்பில் பிரபலமான நிரல்மொழிகளோடு இதனை ஒப்பிட இடமில்லை. எனினும் தமிழ்வழிக் கல்வியே பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு ஆதாரமாயுள்ள மாவட்டங்களில், தொடக்கப் பயிற்சிக்கு இதனினும் இணக்கமான கருவி கிடைப்பது அரிது.

இதன் விசேஷம் சொற்களை மாற்றியதோடு நிற்கவில்லை. பெரும்பாலான நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முந்தி வர, நிபந்தனை அதனைப் பின்தொடரும். எழிலிலோ நிபந்தனையை முன்னர் எழுதி, அதன் பின்னரே 'ஆனால்' என்னும் சொல்லை இடவேண்டும். வெங்காயத்தின் விலை நாற்பதுக்கு மேல் ஆனால் விற்கலாம் என்று பெரம்பலூர்ச் சின்ன வெங்காய விவசாயி சொல்லும் வாக்கியத்தின் போக்கே அது. 'இல்லை', 'பதிப்பி', 'முடி' என்பனவும் விளக்கம் வேண்டாத சொற்கள். 'வரை' என்பது மட்டும் சற்றே மயக்கம் தரக்கூடியது. நிபந்தனை உண்மையாக உள்ள வரை சுழற்சி நடக்கும் என்பதே அதன் பொருளாயிருக்க, நிபந்தனை நிறைவேறும் வரை என்று மாணவர் மாற்றிக் கொள்ளுதல் கூடும். ஆசிரியர் இதனை முதல் நாளிலேயே தெளிவுபடுத்தல் அவசியம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் பயில்வோர் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் ஆகியவற்றைக் கற்கின்றனர். பாடநூல் தமிழில் இருப்பினும் கட்டளைகள் ஆங்கிலத்திலேயே அமைவதால், புதிய தர்க்கத்தையும் பழகாத சொற்களையும் ஒரே சமயத்தில் சுமக்கும் பாரம் கிராமத்துப் பிள்ளையின் தலையில் விழுகிறது. எழிலுக்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

தடைகளும் சிறியன அல்ல. எழிலைக் கற்றோருக்கென்று உத்தியோகமோ பரீட்சை மதிப்பெண்ணோ இல்லை. அதன் அபிவிருத்தி ஒருசில தன்னார்வலரின் உழைப்பையே நம்பியிருக்கிறது. தமிழ் விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் பழக்கமோ பல பள்ளிகளில் இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே இம்மொழி தொழிற்சாலைகளுக்குரியதாக வளரும் என்று எதிர்பார்ப்பது வீண். பள்ளிக்குரியதாக நிலைபெறுவது சாத்தியம்.

பள்ளி ஏற்றால் ஒரு புதுமை நிலைபெறும் என்பதற்கு, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த தமிழறிஞர் வீரமாமுனிவரை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் பிரித்துக் காட்ட அவர் வகுத்ததாகக் கருதப்படும் முறை, ஓர் அறிஞரின் ஏட்டோடு நின்றிருக்கக் கூடியதே. பிற்காலத்து அச்சும் பள்ளிக்கூடமும் ஏற்றமையாலன்றோ அது இன்று எல்லோர் கையெழுத்திலும் வாழ்கிறது!

அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ள இக்காலத்தில், எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் வாரத்துக்கு ஒரு பாடவேளை எழிலுக்கு ஒதுக்குவது பெருஞ்செலவன்று. மூட்டைகள் உள்ள வரை ஒவ்வொன்றின் எடையையும் அன்றைய விலையையும் பெருக்கிக் கூட்டி, மொத்தத் தொகையைப் பதிப்பிக்கும் ஒரு சிறு நிரலை அரும்பாவூரிலோ திருமானூரிலோ ஒரு பிள்ளை தமிழில் எழுதிப் பழகிவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் அதனையே பைத்தானில் எழுதுங்கால் அவளுக்குப் புதியனவாய்த் தோன்றுவன கட்டளைச் சொற்களும் எழுதும் ஒழுங்குமே. நிபந்தனையும் சுழற்சியும் முன்னமே அவள் கைவந்தவை.