ஸ்டீம் நட்பு வலையமைப்பின் காட்சியாக்கம்

ஸ்டீம் நட்பு வலையமைப்பின் காட்சியாக்கம் என்பது, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டுத் தளத்தில் பயனர்களிடையே உருவாகும் நட்புத் தொடர்புகளைத் திரட்டி, கோட்டுருத் தரவுத்தளத்தில் சேமித்து, படமாக வரைந்து ஆராயும் முறையாகும். கோட்டுரு என்பது முனைகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகளையும் கொண்ட கணித அமைப்பு. இங்கு ஒவ்வொரு பயனர் கணக்கும் ஒரு முனையாகவும், ஒவ்வொரு நட்பும் ஒரு விளிம்பாகவும் கொள்ளப்படுகின்றன. மனித உறவுகளை இவ்வாறு புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரையும் மரபை 1930களில் ஜேக்கப் மொரேனோ சமூகவியலில் நிலைநிறுத்தினார்.

தரவு திரட்டல்

ஒவ்வொரு ஸ்டீம் கணக்குக்கும் 17 இலக்க எண் ஒன்று உண்டு. ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் தரவைக் கேட்டுப் பெற உதவும் ஏபிஐ என்னும் நிரல் இடைமுகத்துக்கு அவ்வெண்ணை அனுப்பினால், நண்பர்களின் எண்களும் நட்பு தொடங்கிய நேரமும் கிடைக்கின்றன. ஒருவரில் தொடங்கி, அவருடைய நண்பர்கள், பின்னர் நண்பர்களின் நண்பர்கள் என அடுக்கடுக்காகச் செல்வது அகலவழித் தேடல் எனப்படும். ஒருவருக்கு 100 நண்பர்கள் எனக் கொண்டால், பொது நண்பர்களைக் கழிக்காத நிலையில், இரண்டாம் அடுக்கில் 10,000 பேரும் மூன்றாம் அடுக்கில் 10 லட்சம் பேரும் வருவர். ஒரு நாளுக்கு 1 லட்சம் கோரிக்கைகள் என்னும் வரம்பு இருப்பதால், மூன்றாம் அடுக்கினர் அனைவரின் நண்பர் பட்டியலையும் பெறப் பல நாள்கள் ஆகும்.

சேமிப்பும் வினவலும்

எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுசார் மாதிரியில் தரவு அட்டவணைகளாக அமைவதால், நண்பரின் நண்பரைக் கண்டறிய நட்பு அட்டவணையை அதனுடனேயே இணைக்க வேண்டும். கூடுதலாகக் கடக்கும் ஒவ்வோர் அடுக்குக்கும் மற்றோர் இணைப்பு தேவைப்படும். ஸ்வீடனில் தோன்றி, 2010இல் முதல் முழுப் பதிப்பைக் கண்ட நியோ4ஜே போன்ற கோட்டுருத் தரவுத்தளங்களிலோ, ஒவ்வொரு முனையும் தன் விளிம்புகளின் இருப்பிடத்தை நேரடியாகச் சுட்டுவதால், வினவலுக்கு ஆகும் நேரம் மொத்தத் தரவின் அளவைவிடக் கடந்து செல்லும் பகுதியின் அளவையே பெரிதும் சார்ந்திருக்கிறது. நியோ4ஜேவில் விளிம்புகள் யாவும் திசையுடனேயே சேமிக்கப்படுகின்றன. நட்போ இருவழிப்பட்டது என்பதால், ஒரு நட்பை ஒரு முறை மட்டும் பதிந்து, வினவும்போது திசையைப் புறக்கணிப்பது வழக்கம். அதன் வினவல் மொழியான சைஃபர், முனையை அடைப்புக்குறியாலும் விளிம்பை அம்புக்குறியாலும் எழுதுகிறது.

படமாக்கல்

இவ்வாறு கிடைக்கும் முடிவுகளை வரைய, பிரான்சில் உருவான கெஃபி போன்ற மென்பொருள்கள் விசைவழி அமைவைப் பயன்படுத்துகின்றன. இதில் முனைகள் ஒன்றையொன்று விலக்க, விளிம்புகள் சுருள்வில்லைப் போல அவற்றை ஈர்ப்பதால், தமக்குள் நெருக்கமாகப் பிணைந்த பயனர்கள் தனித்தனிக் கொத்துகளாகத் திரள்கின்றனர். 2008இல் வெளியான லூவான் முறை அக்கொத்துகளைக் கணக்கிட்டுப் பிரிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தரப்படுகிறது. ஒரே பள்ளியில் பயின்றோர், ஒரே விளையாட்டுக் குழுவினர் போன்ற வட்டங்கள் பெரும்பாலும் இவ்வாறே புலப்படுகின்றன. இரு கொத்துகளுக்கு இடையே பாலமாக நிற்பவரை இடைமையம் என்னும் அளவு காட்டுகிறது. மற்றப் பயனர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைகளில் எத்தனை அவர் வழியே செல்கின்றன என்பதை அது கணக்கிடுகிறது.

வரம்புகள்

நண்பர் பட்டியலை மறைத்து வைத்த கணக்குகளின் தொடர்புகள் நேரடியாகக் கிடைப்பதில்லை. எனினும் நட்பு இருவழிப்பட்டதாகையால், மறைத்தவரின் கணக்கு எண், பட்டியலைத் திறந்து வைத்த நண்பரின் வழியே வெளிப்பட்டுவிடும். இருவருமே மறைத்த நட்பு மட்டுமே முற்றிலும் விடுபடும். இதனால் ஒருவரின் தனியுரிமை அவருடைய தெரிவை மட்டுமன்றி, அவருடைய நண்பர்களின் தெரிவையும் பொறுத்ததாகிறது. படத்தில் இரு புள்ளிகளுக்கு இடையே தெரியும் தொலைவும் நட்பின் ஆழத்தை அளப்பதன்று. மேலும் திரட்டல் ஒருவரிலிருந்து தொடங்குவதால் அவரே மையத்தில் இருப்பதாகத் தோன்றும். அது திரட்டிய முறையின் விளைவேயன்றி, முழு வலையமைப்பில் அவருக்குள்ள முதன்மைக்குச் சான்றாகாது.