முகப்பெறுமதியும் மறுபெறுமதியும்



தமிழிலே 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருளுண்டு. ஒன்று காசு, மற்றது சொன்ன சொல் தவறாமை. வெள்ளிக்காசு தன் உலோகத்தினாலே ஓரளவு தன்னைக் காத்துக்கொள்ளும். கடதாசிக்காசுக்கு அந்த வசதி இல்லை. அது முழுக்க முழுக்க இரண்டாவது பொருளிலேயே தங்கியிருக்கிறது.

பழைய நாணயத்தாள்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருப்பவன் என்பதனால், பலரும் என்னிடம் தாளொன்றை நீட்டி, "மாஸ்டர், இதிலை போட்டிருக்கிறதுக்கு மேலாலை ஏதும் கிடைக்குமோ?" என்று கேட்பதுண்டு. இதற்கு விடை சொல்லப் புகுந்தால் வரலாற்றுக்குள்ளே சற்று நடந்துதான் வரவேண்டும்.

கோப்பிக்காலத்தின் இறுதியிலிருந்து தொடங்குவோம். 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அத்தோட்டங்களிலே பெருந்தொகையை முடக்கியிருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்திற் கதவை மூடிற்று. அக்காலத்தில் இங்கு நாணயத்தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகளே, அரசன்று. எனவே, நேற்றுவரை அரிசி வாங்கிய தாள் இன்று வெறுங்கடதாசியாகிவிடும் நிலை. அவ்வேளை தேசாதிபதியாக இருந்த சேர் ஆர்தர் கோர்டன், அந்த வங்கியின் தாள்களுக்கு அரசு பொறுப்பு நிற்கும் என உறுதியளித்தார். அதே ஆண்டிற் சட்டமும் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசே தாள்களை வெளியிடலாயிற்று. கோர்டனின் ஆட்சியைப் பற்றி எவர் என்ன சொன்னாலும், இந்த ஒரு காரியத்தில் அவர் நாணயமானவர் என்றே நான் சொல்வேன்.

இதன் விளைவு ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். வாக்குக் காப்பாற்றப்பட்டபடியால் மக்கள் தாள்களைக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்டனர். திரும்பி வந்த தாள்கள் அழிந்தன. ஆகவே இலங்கையில் வழங்கிய ஓரியன்டல் வங்கித் தாள் இன்று மிக அரிது. எங்காவது ஒன்று தோன்றினால் சேகரிப்போர் போட்டியிடுவர்.

வாக்குத் தவறிய தாளின் கதை இதற்கு நேர்மாறு. மலாயாவை 1942இற் கைப்பற்றிய யப்பானியர் தம் இராணுவ ஆட்சிக்கெனத் தாள்களை அச்சிட்டனர். பத்து டொலர்த் தாளிலே குலையோடு கூடிய வாழைமரம் இருந்தமையால் சனங்கள் அதனை வாழைப்பழக் காசு என்றனர். பொருளில்லாத ஊரிலே தாள் மட்டும் பெருகிற்று. 1945இல் திரும்பி வந்த பிரித்தானியர் அது செல்லாது என்றனர். மாற்றிக் கொடுப்பாரில்லாததால் கட்டுக்கட்டாக அப்படியே எஞ்சிற்று. றயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைபார்த்த யாழ்ப்பாணத்தவர் பலர் அக்காலம் முழுவதும் அங்கேயே அகப்பட்டிருந்தவர்கள். அவர்களுடைய றங்குப்பெட்டிகளோடு இத்தாள்களும் எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கு உதவுமென்று இத்தகைய கட்டொன்றை என்னிடம் கொண்டுவந்தார். "மாஸ்டர், அப்புவின்ரை உழைப்பு. எண்பது வரியம் பழசு. நல்ல விலை போகுமெண்டு சொல்லுகினம்" என்றார். பழசு என்பது மட்டும் ஒரு தாளுக்கு விலை தராது, அக்கா. எத்தனை எஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவையே விலையைத் தீர்மானிப்பவை. இதை அவருக்கு எடுத்துச் சொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலில் அச்சான வாழைமரத் தாள்களில் எழுத்துக்களோடு தொடரிலக்கமும் உண்டு, அவை குறைவு. பின்னர் இலக்கமிடுவதையே விட்டுவிட்டு எழுத்துக்களை மட்டும் பொறித்து அச்சடித்துத் தள்ளினார்கள், அவை மலிவு. அந்தக் கட்டிலே தொடரிலக்கம் உள்ளவை இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்றிற் குண்டூசித் துளை.

துளை என்றதும் தாளின் நிலைமை பற்றியும் சொல்லிவிட வேண்டும். தாளை வெளிச்சத்திற்கு எதிரே சரித்துப் பிடித்தால் மடிப்பு, துளை, ஒட்டு எல்லாம் தெரியும். மடிப்பேயில்லாத தாளுக்கும் நாலாக மடித்த தாளுக்கும் விலையிற் பலமடங்கு வித்தியாசம் வரலாம். கழுவிக் காயவைத்து அயன் பண்ணி அழகுபடுத்துவோர் உள்ளதையும் கெடுத்துக்கொள்கின்றனர். தாளின் உடல் தளர்ந்துவிடுவதை விரலே சொல்லிவிடும்.

இன்னொரு வேடிக்கையான தாள் நம் நாட்டிலேயே உண்டு. யுத்தகாலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1942இல் ஐந்து சதத் தாளொன்று வெளியாயிற்று. தபால் முத்திரையைப் போல நடுவிலே துளை வரிசை. கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். கடைக்காரனுக்கு இரண்டும் மூன்றும் ஐந்துதான். சேகரிப்பவனுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. கிழியாத முழுத்தாளுக்கு அவன் கொடுப்பது இரண்டு பாதிகளுக்கும் கொடுப்பதிலும் அதிகம்.

1970இல் நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கினார். வரிக்குத் தப்பி ஒளித்துவைத்த பணத்தை வெளியே கொணர்வதே நோக்கம். வங்கியிற் கொடுக்கப்பட்டவை போயின. கொடுக்கப்படாமல் எங்கோ பெட்டியடியிற் கிடந்தவையே இன்று சேகரிப்போர் கைக்கு வருகின்றன. முகப்பெறுமதி பூச்சியம், விலையோ உண்டு.

சிம்பாப்வேயின் நூறு ட்ரில்லியன் டொலர்த் தாள், அதாவது ஒன்றுக்குப் பின் பதினான்கு பூச்சியங்கள், 2009இல் வந்தது. 2015இல் அந்நாடு அதனை மாற்றிக் கொடுத்தபோது கிடைத்தது நாற்பது அமெரிக்கச் சதம். ஆனால் பூச்சியங்களை வியந்து வாங்குவோர் அதற்குப் பல டொலர்கள் கொடுத்தனர். இங்கே தேடுவோரின் தொகைதான் விலையை ஏற்றிற்று.

அச்சுப்பிழைத் தாள்களையும் பலர் காட்டுவர். இலக்கம் இல்லாத தாள், கோணலாக வெட்டுண்ட தாள் உண்மையாயின் நல்லது. இலக்கத்தைச் சுரண்டி அழித்தும், ஓரத்தைக் கத்தரித்தும் 'பிழை' செய்வோர் இருப்பதால் இதிலே அவசரப்படக் கூடாது. விலைப்பட்டியற் புத்தகத்திற் போட்டிருப்பது விற்பவனுடைய விலை என்பதும் நினைவிலிருக்கட்டும். வியாபாரி நம்மிடம் வாங்கும்போது அதிலே ஒரு பங்கைத்தான் சொல்வான். அவனும் கடைவாடகை கட்டவேண்டியவன்.

சுதந்திரப் பொன்விழாவுக்காக 1998இல் வெளியான இருநூறு ரூபாத் தாள் பலரிடம் இன்றுமுண்டு. கடதாசியிலன்றிப் பிளாஸ்ரிக்கில் அச்சான முதலாவது இலங்கைத் தாள் அது. அப்போது உயர்தர வகுப்பிலிருந்த நாங்கள் அதைக் கசக்கிக் கசக்கி, மடிப்பு நிற்கிறதா என்று பார்ப்போம். அப்படிக் கசங்கியதை இன்று கொண்டுவருபவர்களுக்கு இருநூறு ரூபாவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறேன். நினைவுக் கோவையோடு கைபடாமல் இருப்பதென்றால், உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து காட்டட்டும்.