நிலம் தேடியவரும் நிலத்தில் நின்றவரும்

யூத தேசிய இயக்கத்தைத் தோற்றுவித்த தியோடர் ஹெர்சல் சட்டம் பயின்றவர். வியன்னா நாளிதழொன்றின் பாரிஸ் செய்தியாளராக இருந்தவர். 1896இல் 'யூத அரசு' என்னும் சிறுநூலை எழுதினார். மறுஆண்டு பாசல் நகரில் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். 1904இல் தமது 44ஆம் வயதில் மறைந்த அவர், 1948இல் பிறந்த இஸ்ரேலைக் காணவில்லை.

அதே 1948இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத் தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் அதனால் நாடற்றவராயினர். நம் எறையூரை உள்ளடக்கிய பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து கப்பலேறியோரின் வழித்தோன்றல்களும் அவர்களுள் அடங்குவர். இவர்களுக்காகத் தம் கட்சியைத் துறந்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம்.

மலேயாவின் ஈப்போவில் 1898இல் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்தவர், புகழ்பெற்ற வழக்கறிஞர், பெரும்பாலும் சைவர்களான மக்களுக்குத் தலைமையேற்ற கிறித்தவர். அச்சட்டத்தை இயற்றிய அரசில் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரானபோது, தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். உரிமை இழந்தோர் அவருடைய வாக்காளர் அல்லர் என்பதை நாம் கருத வேண்டும். 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் அவர் தோற்றார். தனிச்சிங்களச் சட்டம் வந்த 1956இல்தான் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தனர்.

ஹெர்சல் தம் மக்களுக்கு ஒரு நிலத்தைத் தேடினார். அவர் நாடிய பாலஸ்தீனத்தில் முன்பே அரபு மக்கள் வாழ்ந்திருந்தனர். 1948 அவர்களுக்குப் புலப்பெயர்வின் ஆண்டாயிற்று. செல்வநாயகமோ மக்கள் வாழ்ந்த நிலத்திலேயே அவர்களுக்குரிய ஆட்சியுரிமையைக் கேட்டார். சமஷ்டிக்கு மேல் அவர் கேட்கவில்லை. 1957இல் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தம் செய்தார். முன்னது மறுஆண்டே கிழித்தெறியப்பட்டது, பின்னதும் நிறைவேறவில்லை. 1961 சத்தியாக்கிரகம் இராணுவத்தால் கலைக்கப்பட்டது. இவ்வாறு கால் நூற்றாண்டு கடந்தபின்னரே, 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில், தளர்ந்த உடலோடு தனியரசுத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். 1977 ஏப்ரலில் மறைந்தார்.

ஆகவே அவரைப் பிரிவினையின் தந்தை என்று மட்டும் எழுதுவது வரலாற்றின் இறுதிப் பக்கத்தை மட்டும் படிப்பதாகும். அவர் முதலில் கையிலெடுத்த மலையக மக்களின் வழக்கு அவருக்குப் பின்னும் நீண்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் இயற்றப்பட்டது.