மூளையைக் காலி செய்த வேர்

சர்ப்பகந்தா முழங்கால் உயரச் செடி, மிஞ்சிப்போனால் இடுப்பு உயரம். மூன்று மூன்றாக இலை, வெள்ளைப் பூ, முற்றினால் கறுக்கும் சிறு பழம். அரளி குடும்பம். கண்ணில் பட்டாலும் கவனிக்காமல் தாண்டிப் போவோம். சரக்கு மண்ணுக்குள் இருக்கிறது: கோணல்மாணலாக இறங்கும், பழுப்புத் தோல் சுருங்கிய ஒரு வேர். வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாக்கில் வைத்தால் கசப்பு கடுமையாக இருக்கும். அந்தக் கசப்புப் பெரும்பாலும் வேர்ப்பட்டையில் குடியிருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டால் மிச்சம் வெறும் கட்டை.

இந்தப் பட்டைக்குள் இருந்த ஒரு பொருள் பீகாரிலிருந்து கொல்கத்தா, பம்பாய், பாசல், நியூயார்க், சுவீடன் என்று சுற்றியது. போன இடத்திலெல்லாம் ஒரு நோயைக் குறைத்தது, இன்னொரு நோயைக் கொண்டுவந்தது. என் கணக்கில், அது குணப்படுத்தியதைவிடக் கெடுத்ததில்தான் மனிதகுலத்துக்கு லாபம் அதிகம்.

கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட நூலிலேயே பாம்புக்கடிக்கான வேர்கள் பற்றிய பேச்சு வந்துவிட்டது. தாவரவியல் பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர் லியோன்ஹார்ட் ரவுவோல்ஃப் மேற்கு ஆசியா வரை வந்து மூலிகை தேடியவர். இந்தியாவுக்கு வந்தவர் அல்ல. அவர் இறந்து நூறாண்டு கழித்து, 1703-இல், பிரெஞ்சுத் துறவி சார்ல் ப்ளூமியே அமெரிக்கக் கண்டத்தில் பார்த்த செடி இனத்துக்கு அவர் பெயரை வைத்தார். நம் செடியும் அந்த இனத்தில் சேர்ந்தபோது, அதைக் கண்ணாலும் காணாத மனிதரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

பீகாரிலும் வங்கத்திலும் இந்த வேருக்குப் பாம்புக்கடி மருந்து என்பதோடு இன்னொரு புகழும் இருந்தது. அது பைத்திய மருந்து. வெறி பிடித்துக் கத்துகிறவரை அடக்க வேரைப் பொடித்துக் கொடுப்பார்கள். அழுகிற குழந்தையைத் தூங்கவைக்கத் துளி கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பாம்புக்கடிக்கு இது உதவுமா என்றால், உதவாது. பைத்தியத்துக்கு உதவியது. நாட்டு மருத்துவத்தை முழுசாக நம்புகிறவர்களும் முழுசாகத் தள்ளுகிறவர்களும் இந்த ஒரு வேரிடமே பாடம் கற்கலாம்.

1931-இல் இரண்டு ஊர்களில் இரண்டு குழுக்கள் இந்த வேரைக் கையில் எடுத்தன. டெல்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் உருவாக்கிய திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபாத் சித்திக்கியும் வேரிலிருந்து படிகங்களாகச் சில பொருட்களைப் பிரித்தார்கள். மறைந்த ஹக்கீமின் நினைவாக அவற்றில் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர். அஜ்மலின் இன்றும் இதய மருத்துவத்தில் உயிரோடு இருக்கிறது. ஆனால் மனதை அமர்த்தும் சரக்கு அந்தப் படிகங்களில் இல்லை.

கொல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் வேதியியல் பக்கம் போகவில்லை. சென் கவிராஜ் குடும்பத்தில் பிறந்து ஆங்கில மருத்துவமும் படித்தவர். வேர்ப்பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பித்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இது புதிய இந்திய மருந்து என்று அதே ஆண்டு எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டு பயன்களும் இருந்தன. உலகம் இந்த இரண்டையும் தனித்தனியாக மறுபடி 'கண்டுபிடிக்க' இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. கொல்கத்தாவில் அச்சான ஒரு பத்திரிகையை லண்டனிலும் நியூயார்க்கிலும் யார் புரட்டினார்கள்?

பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 50 நோயாளிகள், உயர் ரத்த அழுத்தம், வேர் மாத்திரை. செய்தி பழையதுதான், முகவரி புதிது. அதனால் மேற்கு திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் முல்லர், ஷ்லிட்லர், பைன் மூவரும் அந்தத் தூங்கவைக்கும் பொருளைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அதுதான் ரெசர்பின். செர்பாசில் என்ற பெயரில் கடைக்கு வந்தது. கைப்பிடிப் பொடி தின்ற இடத்தில் இப்போது கால் மில்லிகிராம் போதும்.

அடுத்த நிறுத்தம் மனநோய் விடுதி. 1955-இல் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மருத்துவமனையில் இருந்த நேதன் கிளைன், இந்திய மருத்துவர் ஒருவர் இந்த வேரால் மனநோயாளிகளைக் குணப்படுத்திய செய்தியை நாளிதழில் படித்துவிட்டுத் தன் நோயாளிகளுக்கும் கொடுத்தார். 1954-இல் முடிவுகளை வெளியிட்டார். பலன் முதலில் கண்ணில் பட்டது மருத்துவர்களுக்கு அல்ல, உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுகிறவருக்குத்தான் என்று கிளைன் பின்னாளில் சொல்வதுண்டு. அவருக்கு வேலை குறைந்துபோயிற்றாம்.

ஏறக்குறைய அதே நேரத்தில் பிரான்சிலிருந்து குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து வந்து சேர்ந்தது. வேகமாக வேலை செய்தது, கணிக்க எளிதாக இருந்தது. விடுதிகளில் ரெசர்பின் தோற்றுப்போனது. வெறும் மருந்தாக மட்டும் இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அதைத் தின்றவர்களுக்கு என்னென்னவோ நடந்தது. மூக்கு அடைத்தது. நாடித்துடிப்பு மந்தமானது. வயிறு கழிந்தது. அதிக அளவு போன சிலருக்குக் கை நடுங்கி, முகம் விறைத்து, கால் இழுத்தது. அச்சு அசலாக நடுக்குவாதம். மருந்தை நிறுத்தினால் அது போய்விடும். ஒரு நோயை மாத்திரையால் வரவழைத்து, நிறுத்திப் போகவும் செய்யலாம் என்றால், அந்த நோய்க்கு ஒரு வேதியியல் இருந்தாக வேண்டும் அல்லவா?

மூளை வேலை செய்வது மின்சாரத்தாலா ரசாயனத்தாலா என்பதில் அப்போது பெரிய மருத்துவ அறிஞர்களே பிரிந்து நின்றார்கள். நரம்புச் செல்லுக்கும் நரம்புச் செல்லுக்கும் நடுவே நூலிழையிலும் நுண்ணிய இடைவெளி இருக்கிறது. உடம்பின் மற்ற பகுதிகளில் அந்த இடைவெளியை ஒரு ரசாயனம் தாண்டிப் போய்ச் செய்தி சொல்கிறது என்பது நிரூபணமாகியிருந்தது. மூளைக்குள்ளும் அப்படித்தானா என்பதற்குச் சாட்சி வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்ட் புரோடியின் ஆய்வகம் 1955-இல் முதல் சாட்சியைக் கொண்டுவந்தது. பிளெட்ஷர், ஷோர், புரோடி மூவரும் ரெசர்பின் செலுத்திய விலங்கில் செரோட்டோனின் இருப்புக் கரைந்துபோவதைக் காட்டினார்கள். நடத்தையை மாற்றும் ஒரு மருந்து ஒரு நரம்பு ரசாயனத்தின் அளவையும் மாற்றுகிறது என்று அளந்து சொல்ல முடிந்தது. அந்த ஆண்டு அங்கே விருந்தாளியாக வந்திருந்த சுவீடன்காரர் அர்விட் கார்ல்சனுக்கு ஒரு சந்தேகம். செரோட்டோனின் மட்டும்தானா காலியாகிறது? புரோடிக்கு அதில் ஆர்வமில்லை. கார்ல்சன் ஊர் திரும்பி, லுண்ட் பல்கலைக்கழகத்தில் தானே பார்த்தார். அட்ரினலின், நார்அட்ரினலின் கையிருப்பும் காணாமல் போயிருந்தது.

பிறகு வந்தவை 1957-இன் முயல்கள். ரெசர்பின் ஊசி போட்ட முயல் காது தொங்க, கண் சரிய, வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும். தள்ளினாலும் நகராது. மூளையில் எது தீர்ந்ததோ அதைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம் என்றால் வழியில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை இந்த ரசாயனங்கள் தாண்டுவதில்லை. ஆனால் அவை எந்த மூலப்பொருளிலிருந்து உருவாகின்றனவோ அது தாண்டும். கார்ல்சனும் லிண்ட்க்விஸ்ட், மாக்னுசன் என்ற இரு துணைவர்களும் முதலில் செரோட்டோனினின் மூலப்பொருளைக் கொடுத்தார்கள். முயல் எழவில்லை. அடுத்து நார்அட்ரினலினின் மூலப்பொருளான எல்-டோபா. சில நிமிடங்களில் காது நிமிர்ந்தது, முயல் எழுந்து நடந்தது. மூளையைத் திறந்து அளந்தபோது நார்அட்ரினலின் இன்னும் இல்லை. நிரம்பியிருந்தது டோபமைன். அதுவரை அதை நார்அட்ரினலின் உருவாகும் வழியில் வந்துபோகும் வழிப்போக்குப் பொருள் என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ரெசர்பின் உள்ளே செய்வது என்ன என்பது படிப்படியாகத் தெளிந்தது. நரம்பு முனையில் நுண்பைகள் உள்ளன. செரோட்டோனின், டோபமைன், நார்அட்ரினலின் மூன்றையும் அள்ளி அந்தப் பைகளுக்குள் போடுவதற்கு ஒரு புரதம் இருக்கிறது. ரெசர்பின் அந்தப் புரதத்தைப் பூட்டிவிடுகிறது. களஞ்சியக் கதவை அடைத்துவிட்டால் களத்தில் கிடக்கும் நெல்லை எலி தின்கிற மாதிரி, பைக்குள் போகாத ரசாயனத்தை ஒரு நொதி சிதைத்துத் தள்ளும். செய்தி வந்து தட்டும்போது வெளியே விட நரம்பிடம் ஒன்றும் இருக்காது. மருந்தின் பிடியும் லேசில் விடாது. நல்ல பைகள் செல்லின் உடலில் புதிதாக உருவாகி முனைக்கு வந்து சேர வேண்டும். அதனால்தான் மாத்திரையை நிறுத்திய பிறகும் விளைவு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடித்தது. ரத்தக் குழாயைச் சுருக்கும் நரம்புகளில் இருப்புத் தீர்ந்தது, அழுத்தம் இறங்கியது. அசைவை நடத்தும் நரம்புகளில் தீர்ந்தது, நடுக்குவாதம் வந்தது. மருந்தின் பலன், பக்கவிளைவு என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் ஒரே வேலைதான். நடக்கும் இடம்தான் வேறு.

1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். அசைவை நடத்தும் பகுதியில் டோபமைன் மிகக் குறைந்து கிடந்தது. அடுத்த ஆண்டே அங்கே நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். 1967-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ் அதைப் பெரிய அளவில் வாய்வழியாகக் கொடுத்து நிலைநிறுத்தினார். இன்றும் நடுக்குவாதத்துக்கு முதன்மை மருந்து அதுதான். 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த எல்-டோபாவுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். எதற்கு அது பயன்படும் என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது. கேள்வி பிறக்க இன்னும் இருபது ஆண்டு பாக்கி இருந்தது.

எல்லாப் பாடமும் சரியாகக் கற்கப்படவில்லை. 1954-இல் எட்வர்ட் ஃப்ரைஸ், அதிக அளவில் நெடுநாள் ரெசர்பின் சாப்பிட்ட ரத்த அழுத்த நோயாளிகள் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக எழுதினார். பலரும் அப்படியே எழுத, மூளையில் இந்த ரசாயனங்கள் குறைவதுதான் மனச்சோர்வு என்ற கொள்கை எழுந்தது. 1965-இல் ஜோசப் ஷில்ட்க்ராட் அதற்கு வடிவம் கொடுத்தார். இன்று வீட்டில் உட்கார்ந்து 'செரோட்டோனின் கம்மி' என்று நாம் பேசுகிற பேச்சுக்கு அது ஒரு வேர். ஆனால் 1955-லேயே லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு முறையான சோதனையாக ரெசர்பின் கொடுத்தபோது அவர்கள் தேறியிருந்தார்கள்! லான்செட்டில் வந்த அந்தக் கட்டுரையை அதிகம் பேர் பேசவில்லை. கொள்கைக்குப் பொருந்தும் சாட்சி ஊர் சுற்றியது, பொருந்தாத சாட்சி அலமாரியில் தங்கியது. விஞ்ஞானத்திலும் இது நடக்கும்.

அதே ஃப்ரைஸ்தான் பிறகு அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் ஒரு பெரிய சோதனையை நடத்தினார். கடுமையான ரத்த அழுத்தம் உள்ள 143 பேர். பாதிப் பேருக்கு மூன்று மருந்துகளின் கூட்டு, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மூன்றில் ஒன்று ரெசர்பின். ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்று 1967-இல் ஐயமறக் காட்டியது இந்தச் சோதனைதான். மனச்சோர்வைப் பற்றி முதலில் எச்சரித்தவரே மருந்தைக் கைவிடாமல் அளவறிந்து பயன்படுத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவில் இருந்த அடெல்பேன் நினைவிருக்கிறதா? அதிலும் இந்த வேர்ச் சரக்குதான். பிறகு மார்பகப் புற்றுநோய் வருமோ என்று 1974-இல் ஒரு பீதி கிளம்பியது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை என்றாலும் பெயர் கெட்டது கெட்டதுதான். நல்ல புது மாத்திரைகளும் வந்துவிட்டன. இன்று புதிதாக எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் அபூர்வம். நுண்பைகளின் அதே புரதத்தைப் பிடித்து, ஆனால் சீக்கிரம் விட்டுவிடும் டெட்ராபெனசின், ஹண்டிங்டன் நோயில் தன்னிச்சையாகத் துள்ளும் கைகால்களை அடக்கப் பயன்படுகிறது. அமெரிக்கா அதற்கு 2008-இல் அனுமதி கொடுத்தது.

செடியின் கதி அவ்வளவு நன்றாக இல்லை. வேருக்காகப் பிடுங்குவதால் செடியே போய்விடும். ஐம்பதுகளில் உலகம் முழுக்க வேர் கேட்டபோது காடுகள் காலியாயின. இப்போது சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது இருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையிலும் இணையத்திலும் சர்ப்பகந்தாப் பொடி இன்றும் கிடைக்கிறது, 'பிரஷருக்கு இயற்கை மருந்து' என்று. இயற்கைதான். அதற்குள் இருக்கும் ரெசர்பினின் அளவு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறும், விளைவு வாரக்கணக்கில் தங்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம்.