வலிக்காத நோயின் வரலாறு: சுசுருதர் முதல் தேயிலைத் தோட்டம் வரை

ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. சொத்தைப் பல் இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் காலையிலேயே மருத்துவரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஈறு நோயோ பல் துலக்கும்போது எச்சிலில் சிறிது சிவப்பைக் காட்டும். வாயில் நாற்றத்தைத் தரும். அதன்பின் பத்து, இருபது ஆண்டுகள் ஓசையின்றிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் நோயாளி அதை நோய் என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே இந்நோயின் வரலாற்றை எழுதுகிறவர் மருந்துகளின் வரலாற்றை மட்டும் எழுதினால் போதாது. அதை யார், எவ்விதம் கண்டார்கள், கண்டபின் என்ன செய்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்தை முன்வைத்து அதற்கான சில குறிப்புகளை இங்கே தருகிறேன்.

சுசுருத சம்ஹிதையின் நிதானத் தானம் வாய் நோய்கள் 65 என்று கணக்கிடுகிறது. அவற்றில் 15 'தந்தமூலம்', அதாவது பல்லின் அடிப்பகுதியாகிய ஈற்றைச் சார்ந்தவை. இந்தப் பட்டியலின் நுட்பம் இன்றைய வாசகரையும் வியக்க வைக்கும். காரணமின்றி இரத்தம் கசிந்து, ஈறு கறுத்து, மென்மையாகி, நாறும் நிலைக்குச் சீதாதம் என்று பெயர். சீழும் இரத்தமும் வடிந்து பற்கள் ஆடும் நிலை தந்தவேஷ்டம். எரிச்சலும் சீழும் தோன்றி, இலேசாகத் தொட்டாலே இரத்தம் வந்து பற்கள் தளர்வது உபகுசம். இன்றைய மருத்துவம் ஈறு அழற்சி என்றும், எலும்புவரை பரவிய பல்சூழ் திசு நோய் என்றும் பிரிக்கும் இரு நிலைகளின் சாயலை இவ்விவரிப்புகளில் காணலாம். எனினும் பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் ஒன்றுக்கொன்று சமன்படுத்தி அட்டவணை போடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. வாத, பித்த, கபக் கோட்பாட்டுக்குள் நின்று பிரித்தவரைப் பாக்டீரியாக் கோட்பாட்டின் முன்னோடியாக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு செய்தி. பல்லின்மேல் படிந்து இறுகிய அழுக்கைச் சுசுருதம் 'சர்க்கரா' என்று குறிக்கிறது. இங்கே அச்சொல்லுக்குப் பருக்கைக்கல் என்பதே பொருள், இனிப்பு அன்று. ஈற்றுக்குக் காயம் நேராமல் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்றும் அந்நூல் அறிவுறுத்துகிறது. ஆனால் அந்தச் சர்க்கரா இடம்பெறுவது பல்லின் நோய்களின் பட்டியலில். ஈற்றின் நோய்களின் பட்டியலில் அன்று. ஈற்று நோய்களுக்குக் குருதி நீக்கம், சுக்கு, கடுகு, திரிபலை சேர்த்த கஷாயத்தால் வாய் கொப்பளித்தல், சொரசொரப்பான இலைகளால் ஈற்றைச் சுரண்டுதல் எனத் தனிச் சிகிச்சைகள் வகுக்கப்பட்டன. கல்லும் தெரிந்திருந்தது, புண்ணும் தெரிந்திருந்தது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டும் சிந்தனை அங்கே நிகழவில்லை. பல்லில் படியும் காரையே ஈற்றைக் கெடுக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதைச் சுரண்டுவதற்கான கருவிகளின் படங்களையும் வரைந்து தந்தவர் பத்தாம் நூற்றாண்டுக் குர்துபாவில் வாழ்ந்த அல்-சஹ்ராவி.

தடுப்பு முறையைப் பொறுத்தவரை பல்குச்சியின் வரலாறு தனி ஆய்வுக்குரியது. கி.பி. 671இல் சீனாவிலிருந்து புறப்பட்டு நாளந்தாவில் பல ஆண்டுகள் தங்கிய யிஜிங், இந்தியத் துறவிகள் நாள்தோறும் காலையில் பன்னிரண்டு விரற்கடை நீளமுள்ள குச்சியை மென்று பல் துலக்குவதை விரிவாகப் பதிவுசெய்தார். தம் நாட்டினர் அதை வில்லோ மரக்கிளை என்று தவறாக எண்ணிக்கொண்டிருப்பதையும் அவர் சற்றுக் கடிந்தே திருத்துகிறார். விநய நூல்களில் பல்குச்சி ஓர் ஒழுக்கவிதியாகவே இடம்பெற்றது. பழக்கம் மருத்துவத்திலிருந்து வந்ததா, துறவொழுக்கத்திலிருந்து வந்ததா என்று பிரிக்க முயல்வது வீண்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வருவோம். அப்போது இந்நோய்க்கு உலகெங்கும் வழங்கிய பெயர் பயோரியா. சீழ் ஒழுக்கு என்பது அதன் பொருள். இந்திய மொழிகள் பலவற்றிலும் பல்பொடி விளம்பரங்கள் இச்சொல்லை வீட்டுச் சொல்லாகவே ஆக்கிவிட்டன. 1910இல் மொன்றியாலில் ஆற்றிய உரை ஒன்றில் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், வாயில் மறைந்திருக்கும் சீழே உடலின் பல நோய்களுக்கு ஊற்று என்று வாதிட்டார். அதன் விளைவாக அடுத்த இருபது ஆண்டுகளில் மேலை நாடுகளில் கணக்கற்ற பற்கள், காப்பாற்றத்தக்கவை உட்பட, பிடுங்கப்பட்டன.

இதே காலத்தில் கல்கத்தாவிலிருந்து ஒரு மருந்து இக்கதைக்குள் நுழைகிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த லெனார்ட் ராஜர்ஸ், இபிகாக்குவானா வேரிலிருந்து பிரித்த எமெட்டின் உப்பை ஊசிவழிச் செலுத்தினால் அமீபா சீதபேதி குணமாகிறது என்று 1912இல் காட்டினார். வெப்பமண்டல மருத்துவத்தின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாக அது கொண்டாடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், பிலடெல்பியாவில் பாரெட்டும் நியூ ஆர்லியன்ஸில் பாஸ், ஜான்ஸ் ஆகிய இருவரும் பயோரியா நோயாளிகளின் ஈற்றுப் பைகளில் அமீபாக்களைக் கண்டனர். குடலில் அமீபாவைக் கொல்லும் மருந்து ஈற்றிலும் கொல்லும்தானே? தர்க்கம் பிசிறில்லாமல் இருந்தது. பயோரியாவுக்குக் காரணமும் மருந்தும் ஒருசேரக் கிடைத்துவிட்டதாக மருத்துவ உலகம் நம்பியது. பாஸும் ஜான்ஸும் 1915இல் இதுபற்றித் தனி நூலே வெளியிட்டனர்.

நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. நலமான வாய்களிலும் அதே அமீபா காணப்பட்டது. எமெட்டின் பெற்றவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப வந்தது. போதாக்குறைக்கு அது இதயத்தைத் தாக்கும் நஞ்சும்கூட. நோயுள்ள இடத்தில் ஓர் உயிரி இருக்கிறது என்பதற்கும் நோயை அவ்வுயிரிதான் உண்டாக்குகிறது என்பதற்கும் உள்ள தூரத்தை மாணவர்களுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அதே சார்ல்ஸ் பாஸ், துலேன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், 1940களில், பல் துலக்கும் முறையை ஆராய முற்பட்டார். மென்மையான தூரிகையை 45 பாகைச் சாய்வில் ஈற்று விளிம்பில் வைத்து இலேசாக அசைத்துத் துலக்கும் 'பாஸ் முறை' அவர் வகுத்ததே. இன்று இந்தியப் பல்மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும் அது கற்பிக்கப்படுகிறது. எமெட்டினை நம்பிய பாஸை அப்பாடங்கள் நினைவுகூர்வதில்லை.

பல்மருத்துவம் இந்தியாவில் ஒரு கல்வித்துறையாக வேர்கொண்டதும் கல்கத்தாவில்தான். அமெரிக்காவின் அயோவாவில் 1915இல் பட்டம்பெற்றுத் திரும்பிய ரஃபியுத்தீன் அகமது, 1920இல் நாட்டின் முதல் பல்மருத்துவக் கல்லூரியை அங்கே தொடங்கினார். அவர் நடத்திவந்த நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற குளிர்பானக் கடையின் வருவாயே கல்லூரிக்குக் கைகொடுத்தது. பல்மருத்துவம் என்றால் பிடுங்குவது என்றிருந்த காலத்தில் பல்லைக் காக்கும் மருத்துவத்தை இந்திய மாணவர்களுக்குக் கற்பிக்க ஒருவர் சோடா விற்க வேண்டியிருந்தது என்பது அரசின் அக்கறை எங்கே இருந்தது என்பதைக் காட்டுகிறது. பல்மருத்துவர் சட்டம் 1948இல்தான் வந்தது.

அதற்குள் ஆய்வாளர்கள் இந்தியர்களின் வாய்களை எண்ணத் தொடங்கியிருந்தனர். 1940களில் பஞ்சாபில் மார்ஷல் டேயும் ஷௌரியும் நடத்திய ஆய்வுகள், வயது ஏறஏற ஈறு நோய் ஏறத்தாழ எவரையும் விடுவதில்லை என்று காட்டின. இந்தியர்களுக்கு ஏன் இவ்வளவு ஈறு நோய்? இனமா, உணவுச் சத்துக் குறைவா, வெற்றிலையா? இக்கேள்விகளுள் சிலவற்றில் காலனியக் கண்ணோட்டத்தின் நிழல் இருந்தது. ஜான் கிரீன் 1960இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். பம்பாய், அதன் சுற்றுப்புறக் கிராமங்கள் ஆகியவற்றின் சிறுவர்களை அட்லாண்டா நகரச் சிறுவர்களோடு ஒப்பிட்டபோது, வாய்த் தூய்மையின் அளவே நோயின் வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்கியது. எந்த நாட்டு வாய் என்பதைவிட எவ்வளவு அழுக்குப் படிந்த வாய் என்பதே முக்கியமாயிற்று.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் அதைச் சோதனையாலேயே மெய்ப்பித்தனர். நலமான ஈறு கொண்ட 12 பேர், பெரும்பாலோர் பல்மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் மறைந்தது. காரணமும் தீர்வும் பற்படலத்தில்தான் இருந்தன.

அடுத்த கேள்வி இயல்பானது. அழற்சியைச் சிகிச்சையின்றி விட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் என்ன ஆகும்? மாணவர்களை அப்படி விட்டுவைக்க முடியாது. எனவே லோ இரு கூட்டங்களைத் தேர்ந்தார். ஒன்று, சிறுவயது முதலே பல்மருத்துவம் பெற்று வளர்ந்த ஒஸ்லோ நகர மாணவர்களும் கல்வியாளர்களும். மற்றொன்று, இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 ஆண்கள். இவர்கள் மலையகத் தமிழர்கள். இலங்கை ஆய்வு 1970இல் தொடங்கி 1985 வரை அதே வாய்களைத் திரும்பத் திரும்ப அளந்தது.

1986இல் வெளிவந்த முடிவுகள் பல்மருத்துவப் பாடநூல்களை மாற்றி எழுதின. ஏறத்தாழ எல்லோருடைய ஈறுகளும் வீங்கியிருந்தன. ஆனால் எல்லோரும் ஒரே வேகத்தில் பற்களை இழக்கவில்லை. சுமார் 8 விழுக்காட்டினரிடம் நோய் விரைந்து பரவியது. 81 விழுக்காட்டினரிடம் மிதமாக முன்னேறியது. 11 விழுக்காட்டினரிடம் அழற்சியைத் தாண்டவே இல்லை. விரைவுக் குழுவினர் 20 வயதளவிலேயே பற்களை இழக்கத் தொடங்கினர். 45 வயதில் அவர்களுக்குப் பல்லே மிஞ்சவில்லை. சொத்தை நோய் அவர்களிடம் அநேகமாக இல்லாததால் அவ்விழப்பு முழுவதையும் ஈறு நோயின் கணக்கிலேயே எழுத முடிந்தது. பற்படலம் தேவை, ஆனால் அது மட்டுமே போதாது. உடலின் எதிர்வினை ஆளுக்கு ஆள் மாறுகிறது என்ற இன்றைய புரிதலின் அடித்தளம் அங்கேதான் இடப்பட்டது.

அறிவியலின் நோக்கில் இது அரிய ஆய்வு. ஆனால் வரலாற்றாசிரியர் வேறொன்றையும் கேட்க வேண்டும். 1970இல் சிகிச்சை தெரியாமல் இருந்ததா? இல்லை. அளவுக்கோடுகள் பொறித்த நுண்கோலை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே செலுத்திப் பார்ப்பது, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆழமும் தொட்டவுடன் கசியும் இரத்தமும் நோயின் அடையாளம் என்று கொள்வது, காரையைச் சுரண்டி வேர்ப்பரப்பை வழவழப்பாக்குவது, துலக்கக் கற்றுக்கொடுப்பது ஆகிய அனைத்தும் அன்று வழக்கத்தில் இருந்தவை. இதே ஆய்வாளர்தாம் ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு வாரத் துலக்கலில் ஈறு தேறுவதைக் காட்டியவர். இத்தொடரின் பிற்காலக் கட்டுரை ஒன்றின் தலைப்பே இவர்களை வாய்நலச் சிகிச்சை எதுவும் பெறாதவர்கள் என்று அடையாளப்படுத்துகிறது. சிகிச்சையின்மையே இவர்களது அறிவியல் மதிப்பாக இருந்தது.

அந்தச் சிகிச்சையின்மை இயற்கையின் கொடை அன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாகி, ஆய்வு நடந்த அதே ஆண்டுகளில் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. 1977, 1983 ஆண்டுகளின் வன்முறைகளும் இக்காலத்துக்குள்ளேயே அடங்கும். நோயின் 'இயற்கை வரலாறு' என்று தலைப்பிடப்பட்ட கட்டுரைகளில் இந்த வரலாறு இல்லை. பாடநூல்களில் அவர்கள் 'இலங்கைத் தொழிலாளர்கள்' மட்டுமே. ஆய்வாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் எண்ணம் அன்று. அவர்கள் போயிராவிட்டாலும் அத்தோட்டங்களுக்குப் பல்மருத்துவர் வந்திருக்கமாட்டார். ஆனால் 'இயற்கை' என்ற சொல்லை மாணவர்கள் அப்படியே விழுங்கக் கூடாது. ஒஸ்லோவில் சிகிச்சையோடு கூடிய வாய் வரலாற்றின் விளைவு என்றால், சிகிச்சையற்ற தோட்ட வாயும் வரலாற்றின் விளைவே.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், அந்த 480 பேரில் 75 பேரை ஆய்வாளர்கள் மீண்டும் கண்டு பரிசோதித்தனர். 2017இல் வெளியான அதன் முடிவு, பற்காரையை அகற்றுவதும் பற்படலத்தைக் கட்டுப்படுத்துவதும் ஈறு அழற்சியைத் தணிப்பதுமே பல்லிழப்பைத் தடுக்க இன்றியமையாதவை என்கிறது. காரையைச் சுரண்டினால் பல் ஆட்டம் காணும் என்ற அச்சம் நம் ஊர்களில் இன்னும் பரவலாக இருக்கிறது. எலும்பு கரைந்த பிறகு பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது கல்தான் என்பதாலேயே, கல் போனதும் ஆட்டம் வெளியே தெரிகிறது. சர்க்கராவை ஈற்று நோய்களின் பட்டியலுக்கு வெளியே வைத்த பழைய பிரிவினை, நூலில் இல்லாவிட்டாலும் மக்கள் மனத்தில் இன்னும் இருக்கிறது.