லோங்காங்கில் ஓடுவது எலியன்று: கிள்ளான் பள்ளத்தாக்கின் மூஞ்சூறு குறித்து

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையின் பின்சந்துகளில், சாப்பாட்டுக் கடைகள் கதவடைத்த பிறகு, சுவரோடு சுவராக ஒரு சாம்பல் உருவம் ஓடும். கடைப் பையன்கள் எலி என்பார்கள். மலாய்க்காரர் செஞ்சுருட் என்பார். பழைய ஆட்கள் யாராவது இருந்தால் மூஞ்சூறு என்பார்கள். முதல் பெயர் பிழை. அந்தப் பிழையை நீக்கினால்தான் இவ்வுயிர் இந்நாட்டில் எப்படிப் பரவியது என்ற கேள்வியையே சரியாகக் கேட்க முடியும் என்பது என் வாதம்.

ஒரு காலையில் லோங்காங் எனும் சாக்கடைக் கால்வாயின் விளிம்பில் செத்துக் கிடந்த ஒன்றைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தேன். பூனை கடித்துக் கொன்றிருந்தது, தின்னவில்லை. மூக்கு கீழ்த்தாடையைத் தாண்டி நீண்டிருந்தது. கண்கள் கடுகளவு. வால் அடியில் பருத்து நுனியில் சிறுத்தது. குறுமயிருக்கு நடுவே அங்கங்கே நீண்ட முடிகள் நின்றன. முன்காலில் ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரிந்தன. எலிக்கு நான்குதான் தெரியும், ஐந்தாவது வெறும் முளை. வாயைத் திறந்தால் எலியின் உளிப்பற்கள் இல்லை, கூரிய பற்களின் வரிசைதான். எலிக்குப் பற்கள் 16, இதற்கு 30. பூனை விட்டுப்போன காரணத்தை என் விரல்கள் சொல்லின. விலாவிலுள்ள சுரப்பியின் கஸ்தூரி நெடி, சோப்புப் போட்டுக் கழுவியும் மாலைவரை போகவில்லை.

1766-இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயரிலும் 'சுண்டெலி போன்றது' என்ற பொருளே இருக்கிறது. உண்மையான உறவினர் முள்ளெலியும் அகழெலியும். வேடிக்கை என்னவென்றால், எலியல்லாத அவ்விரண்டையும் எலியாக்கிய தமிழ், இதற்கு மட்டும் தனிப்பெயர் வைத்தது. மூஞ்செலி என்ற வழக்கும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் பிள்ளையாரின் வாகனத்தைச் சொல்லும்போது நம் வாயில் வருவது மூஞ்சூறுதான். வடமொழியில் மூஷிகம் எலியினம். மூஞ்சூற்றுக்கு அங்கே சுச்சுந்தரி என்று வேறு சொல் இருக்கிறது. சிற்பி எலியைச் செதுக்க, பக்தர் மூஞ்சூறு என்கிறார்.

வளையைப் பொறுத்தவரை, தான் போக வழியைக் காணாத மூஞ்சூறு விளக்குமாற்றையும் கவ்விக்கொண்ட பழமொழியை எல்லாரும் அறிவோம். அகழெலியின் மண்வெட்டிக் கைகள் இதற்கு இல்லை. ஓரளவு தோண்டும், பெரும்பாலும் எலி விட்ட வளை, படிக்கட்டுக்கு அடியிலுள்ள சந்து, கால்வாய்ச் சுவரின் வெடிப்பு என்று இருப்பதை எடுத்துக்கொள்ளும். காகிதமும் சருகும் சேர்த்துக் கூடு கட்டும். சினைக்காலம் ஏறக்குறைய 30 நாள். கூட்டை மாற்ற வேண்டி வந்தால் தாயின் வாலடி மயிரை ஒரு குட்டி கவ்வும், அதன் வாலடியை அடுத்தது கவ்வும். முழுக் குடும்பமும் ஒரே கயிறுபோல் நகரும். இரை பெரும்பாலும் கரப்பானும் வண்டும். அரிசிச் சேதத்துக்கு இதைக் குற்றம் சாட்டுவது ஆள்மாறாட்டம்.

இனி வருகை. இவ்வினத்தின் நிறமூர்த்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுகிறது. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதியில் 40. இலங்கையில் 30, 32 என்று குறைகிறது. தென்னிந்தியாவிலும் குறைந்த எண்கள் உண்டு. கோல்போன்ற இரண்டு நிறமூர்த்தங்கள் அடியில் ஒட்டி ஒன்றாவதால் எண் குறைகிறது, உள்ளடக்கம் பெரிதாக மாறுவதில்லை. மலாயாத் தீபகற்பத்திலோ 40-உம் அதற்குக் கீழான எண்களும் கலந்து கிடக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் யோங் ஹோய் சென் 1971-இலேயே இப்பன்மையைப் பதிவுசெய்தார். மேற்கிலிருந்து வந்தவையும் இங்கே இருந்தவையும் கலந்ததன் அடையாளம் இது என்ற விளக்கம் கவர்ச்சியானது.

கவர்ச்சிதான் எனக்குத் தயக்கம். நாகப்பட்டினத்திலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு ரஜுலா கப்பலில் நம் பாட்டன்மாரோடு மூஞ்சூறும் வந்தது என்று எழுதினால் கூட்டத்தில் கைதட்டு விழும். துறைமுகம் திறந்தது 1901-இல், ரஜுலா ஓடத் தொடங்கியது 1926-இல். ஆனால் பூஜாங் பள்ளத்தாக்குக்குத் தென்னிந்தியக் கலங்கள் வந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகிறது. எந்தக் கப்பலில் ஏறியது என்று நிறமூர்த்தம் சொல்லாது. இணைவு இங்கேயே தனியாக நிகழ்ந்திருக்கலாம் என்ற மறுப்பும் நிற்கிறது. (கப்பலில் வந்திருந்தால் பாவம், பட்டபாடு பெரிது. எலியால் வாந்தியெடுக்க முடியாது, மூஞ்சூற்றால் முடியும். 1980-களிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர் வாந்தித்தடுப்பு மருந்துகளைச் சோதிக்க இதைப் பயன்படுத்துவது அதனால்தான்.)

எனவே எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. எந்த நிறமூர்த்தம் எதோடு ஒட்டியது என்பதை இலங்கை, தமிழகம், மலேசியா மூன்றிலும் பட்டைச் சாயமிட்டு அருகருகே வைக்க வேண்டும். ஒரே சோடிகள் ஒட்டியிருந்தால் கடல்வழிக் கலப்புக்கு வலு கூடும்; வேறு சோடிகளாக இருந்தால் கப்பல் கதையைக் கைவிட வேண்டியதுதான். மாதிரி எடுக்கும் இடம் இன்னொரு சிக்கல். கிள்ளான் ஆற்றங்கரையையும் கோலாலம்பூரையும் 1886-இல் இருப்புப்பாதை இணைத்துவிட்டது. மூட்டைகளோடு மூஞ்சூறும் போய்வந்திருக்கும். ஆகையால் துறைமுகத்தையும் பிரிக்ஃபீல்ட்ஸையும் மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு கரைந்தே தெரியும். பாதைக்கு எட்டாத உட்கம்பங்களிலிருந்தும் மாதிரி வேண்டும். அதோடு, இருப்புப்பாதைத் தொழிலாளருக்காக 1905-இல் எழுந்த நூறு குவாட்டர்ஸ் போன்ற பழைய வரிசைகள் இடிந்து, வெடிப்பில்லாத மூடிய கால்வாய்கள் வந்துகொண்டிருக்கின்றன. லோங்காங் ஓரத்தில் பூனை போட்டுவிட்டுப் போகும் உடல்கள் கிடைக்கும்போதே, இடமும் தேதியும் குறித்து எடுத்து வைப்பது நல்லது.