மருந்தாளரும் மனநிறைவும்

கல்முனைக் கடைத்தெருவில் பாமசி ஒன்றிலே பணிபுரியும் இளைஞர் ஒருவர், முன்னர் நம்மிடம் தமிழ் கற்றவர். தொழில் நிறைவாக இருக்கிறதா என்று அவரை வினவினோம். "சம்பளம் காணாதுதான் சேர். அதவிட, படிச்ச ஒண்டையும் இஞ்ச ஆரும் கேக்கிறல்ல" என்றார்.

ஊதியம், வேலைநேரம், பதவியுயர்வு ஆகியவற்றைக் கொண்டே தொழில் நிறைவை அளப்பது வழக்கம். அவை அற்பமானவை அல்ல. பன்னிரண்டு மணிநேரம் நின்றபடி உழைப்பவனிடம் வேறெதைப் பேசினாலும் அது பரிகாசமாகிவிடும். ஆயின், அவ்விளைஞர் சுட்டிய குறைக்கு ஒரு வரலாறு உண்டு.

கல்வத்தில் அரைத்தும் அளந்து கலந்தும் மருந்து கொடுத்த காலம் ஒன்றிருந்தது. வெறும் போத்தலைக் கையிலேந்தி அரசினர் வைத்தியசாலை வாயிலில் மக்கள் வரிசையில் நின்றனர். கலப்பவரின் அறிவே அன்று மருந்தின் தரம். ஆலைகளில் அடைத்து வந்த மாத்திரைகள் அந்தக் கைத்திறனைத் தேவையற்றதாக்கின. இது உலகெங்கும் நிகழ்ந்தது. அதற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. கைத்திறன் போன இடத்தில் மருந்தறிவு வந்து அமர்ந்திருக்க வேண்டும். அமர்ந்ததோ வியாபாரப் பெயர்.

இதை மாற்ற முயன்ற பெருமகன் பேராசிரியர் சேனக்க பிபிலே. கம்யூனிஸ்ட் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. ஒரே மருந்து பத்துப் பெயர்களில் பத்து விலைகளுக்கு விற்கப்படுவதை ஒழித்து, மருந்தை அதன் இயற்பெயராலேயே வழங்குவது நோக்கம். அப்படி வழங்கும் நாட்டில் மருந்தாளர் வெறும் விற்பனையாளர் அல்லர். எது எதற்கு ஈடு என்று சொல்ல வல்ல அறிஞர். பன்னாட்டுக் கம்பனிகள் சும்மா இருக்குமா? எதிர்ப்பு வலுத்தது. 1977இல் ஆட்சி மாறியது. திறந்த சந்தை வந்தது. அதே ஆண்டு பிபிலே கயானாவில் காலமானார். அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதும் அவ்வாண்டிலேதான் என்பது கசப்பான பொருத்தம்.

பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வையிலேயே மருந்து விற்கப்பட வேண்டும் என்பது சட்டம். சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகளை நாடு அறியும். ஒருவரின் அறிவு தேவையில்லை, அவர் பெயர் போதும் என்பதைக் காட்டிலும் பெரிய அவமதிப்பு அத்தொழிலுக்கு வேறென்ன? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை நிறுவியது. பிபிலேயின் கனவு நனவாயிற்று எனப் பலர் மகிழ்ந்தனர். முதலாளியின் இலாபமும் மருந்தாளரின் அறிவும் ஒரே மேசைக்குப் பின்னால் நெருக்குண்டு நிற்கும் நிலை அதனால் மாறிவிடவில்லை.

நாம் அங்கு நின்றபோது மூதாட்டி ஒருவர் வெறும் மாத்திரை அட்டையுடன் வந்தார்.

"மகன், சீனி வருத்தத்துக்கு இதே அட்டதான் வேணும்."

முதலாளி அஸர் தொழுகைக்குச் சென்றிருந்தார். இளைஞர் அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்திலிருந்த 'மெட்போமின்' என்ற பெயரைக் காட்டினார். அதே மருந்து குறைந்த விலையிலும் இருப்பதை, எப்போது, எதனுடன் விழுங்குவது என்பதை, நிதானமாக விளக்கினார். மூதாட்டி சற்றுத் தயங்கி, பின் மலிவானதில் இரண்டு அட்டைகள் வாங்கினார். இளைஞரின் முகம் மலர்ந்திருந்தது. முதலாளி திரும்புமுன் கணக்கையும் எழுதி முடித்துவிட்டார்.